பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா

பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா (ஜூன் 7, 1838 – ஜூன் 19, 1874) மொராவியாவில் பிறந்து இந்தியாவில் பணியாற்றிய நிலவியலாளரும், தொல்லுயிரியலாளரும், விலங்கியலாளரும் ஆவார். இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் காணப்படும் ஜுராசிக் காலக் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களை, அவை கிடைத்த பாறை அடுக்குகளுடன் இணைத்து இவர் ஆராய்ந்தார். அதன் மூலம் அப்பகுதியின் படிவுப் பாறைகளைக் கால வரிசைப்படி பகுத்துக் காட்டினார். இன்றைய தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலும் புதுச்சேரிப் பகுதியிலும் கிடைக்கும் கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்களைப் பற்றி இவர் எழுதிய நான்கு தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூல்களாக உள்ளன. இந்தியாவில் ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டுகளே பணியாற்றிய இவர், மத்திய ஆசியப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் தமது 36 ஆவது வயதில் காலமானார்.

இளமையும் கல்வியும்

ஸ்டோலிச்கா அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்த மொராவியாவில், க்ரோமெரிஷ் நகருக்கு அருகில் பிறந்தார். இப்பகுதி தற்போது செக் குடியரசில் உள்ளது. இவரது தந்தை வனக் காவலராகப் பணிபுரிந்தவர். க்ரோமெரிஷ் நகரில் பள்ளிக் கல்வியை முடித்த இவர், வியன்னாப் பல்கலைக்கழகத்தில் நிலவியலும் தொல்லுயிரியலும் பயின்றார். அங்கு எட்வர்டு சூயெஸ், மோரிட்ஸ் ஹோர்னெஸ் ஆகியோர் இவருக்கு வழிகாட்டினர். இவர்களுள் சூயெஸ் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நிலவியலாளராக விளங்கியவர். ஸ்டோலிச்கா ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் 1861 ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவப் பருவத்திலேயே இவர் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கினார். கிழக்கு ஆல்ப்ஸ் மலைகளின் கிரெட்டேசியஸ் பாறைகளில் உள்ள நன்னீர் மெல்லுடலிகள் பற்றிய கட்டுரை 1859 இல் வெளிவந்தது. ஆஸ்திரியாவின் ஹியர்லாட்ஸ் மலைப்பகுதியில் காணப்படும் கீழ் ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள நத்தையினங்களையும் இருவோட்டுச் சிப்பிகளையும் பற்றிய கட்டுரை 1861 இல் வெளிவந்தது. அதே காலத்தில் ஆஸ்திரிய அரசின் நிலவியல் நிறுவனத்தில் சேர்ந்து, ஆல்ப்ஸ் மலைகளிலும் ஹங்கேரியிலும் கள ஆய்வு செய்தார். மடிந்தும் முறிந்தும் கிடக்கும் மலைப் பாறைகளில் அடுக்குகளின் உண்மையான வரிசையைக் கண்டறியும் பயிற்சி இவருக்கு இங்குதான் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலையின் ஜுராசிக் உயிரினங்களைப் பற்றிய நேரடி அறிவு, பின்னாளில் இமயமலையில் இவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

இந்திய வருகை

கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1851 இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு அப்போது தாமஸ் ஓல்ட்ஹாம் தலைவராக இருந்தார். ஆய்வுத்துறையினர் நாடெங்கும் சேகரித்த புதைபடிவங்கள் கல்கத்தாவில் குவிந்து கொண்டிருந்தன. அவற்றை இனம் கண்டு விவரிக்கத் தகுந்த தொல்லுயிரியலாளர்கள் போதிய அளவில் இல்லை. இப்பணிக்காக அழைக்கப்பட்ட ஸ்டோலிச்கா 1862 ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

தென்னிந்தியப் புதைபடிவங்கள்

இவருக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பெரிய பணி தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்களை ஆராய்வதாகும். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே பரவியுள்ள இப்பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் அளவை செய்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாகப் பகுத்திருந்தார். புதைபடிவங்களை விவரிக்கும் பணியையும் அவரே தொடங்கி, பெலம்னைட்டுகளையும் நாட்டிலஸ் வகைகளையும் பற்றி எழுதியிருந்தார். எஞ்சிய பணி முழுவதும் ஸ்டோலிச்காவிடம் வந்தது.

1863 முதல் 1873 வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்பணி நீடித்தது. முதலில் அம்மோனைட்டுகள், அடுத்து வயிற்றுக்காலிகள், பின்னர் இருவோட்டுச் சிப்பிகள், இறுதியாகக் கைக்காலிகள், முட்தோலிகள், பவளங்கள், கடற்பஞ்சுகள் என வரிசையாக ஆராய்ந்து எழுதினார். ஆய்வுத்துறையின் தொல்லுயிரியல் வெளியீட்டு வரிசையில் நான்கு தொகுதிகளாக இவை வந்தன. உயிரினங்களின் பெயரும் உருவமும் தருவதோடு இவர் நின்றுவிடவில்லை. சிப்பி, நத்தைக் குடும்பங்களின் வகைப்பாட்டை, வாழும் இனங்களையும் சேர்த்து முழுமையாக மறுபரிசீலனை செய்தார். இன்று அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ இனம் காண விரும்பும் மாணவர், ஏதேனும் ஒரு கட்டத்தில் இத்தொகுதிகளின் படத் தாள்களைப் பார்க்க நேரிடும்.

இமயமலைப் பயணங்கள்

கல்கத்தாவில் இப்பணி நடந்து கொண்டிருந்தபோதே, ஓல்ட்ஹாம் இவரை இமயமலைக்கு அனுப்பினார். 1864 ஆம் ஆண்டு கோடையில் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மாலட் என்பவருடன் ஸ்டோலிச்கா முதல் பயணத்தை மேற்கொண்டார். சத்லஜ் ஆற்றின் மீதுள்ள வாங்டு பாலத்திலிருந்து புறப்பட்டு, பாபா கணவாய் வழியாக ஸ்பிதிப் பகுதிக்குள் நுழைந்தனர். அங்கிருந்து ரூப்ஷு மேட்டுநிலம் வழியாகச் சிந்து ஆறு வரை பாறை அடுக்குகளின் குறுக்குவெட்டை வரைந்தனர். 1865 இல் மீண்டும் சென்ற ஸ்டோலிச்கா, ரூப்ஷு, தெற்கு லடாக், ஜான்ஸ்கர், சுரு, திராஸ் ஆகிய பகுதிகளை ஆராய்ந்தார்.

ஸ்பிதி தற்போது இமாச்சலப் பிரதேசத்தில் உள்ளது. உயர்ந்த மலைத்தொடர்கள் பருவமழையைத் தடுத்துவிடுவதால், இது மிகக் குறைந்த மழை பெறும் குளிர்ப் பாலைநிலமாகும். மரங்களோ அடர்ந்த மண்ணோ மூடாத காரணத்தால் மலைச்சரிவுகளில் பாறை அடுக்குகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. நிலவியலாளருக்கு இது மிகவும் வசதியான இடம். ஆனால் பெரும்பாலான இடங்கள் 4,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், காற்றில் கிடைக்கும் ஆக்சிசன் குறைவு. கணவாய்கள் கோடைக்காலத்தில் சில மாதங்களே திறந்திருக்கும்.

இப்பகுதியில் புதைபடிவங்கள் கிடைப்பது முன்பே தெரிந்திருந்தது. மருத்துவர் ஜேம்ஸ் ஜெரார்டு 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஸ்பிதியிலிருந்து அவற்றைக் கொண்டு வந்தார். 1850 களில் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் சேகரித்தவற்றை மியூனிக் நகரில் ஆல்பெர்ட் ஓப்பல் ஆராய்ந்து, அவற்றுள் பல ஜுராசிக் காலத்தவை என அறிவித்தார். ஆனால் இச்சேகரிப்புகளில் ஒரு குறை இருந்தது. பல கற்கள் ஓடைப் படுகைகளில் பொறுக்கப்பட்டவை அல்லது உள்ளூர் மக்களிடமிருந்து பெறப்பட்டவை. எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தெரியாத நிலையில், வெவ்வேறு காலத்து உயிரினங்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

ஸ்டோலிச்கா இக்குறையை நீக்க முயன்றார். அடுக்குகளைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து பார்வையிட்டு, ஒவ்வொன்றிலும் கிடைத்த உயிரினங்களைத் தனித்தனியே பதிவு செய்தார். ஒவ்வோர் அடுக்குத் தொகுதிக்கும் அது நன்கு வெளிப்படும் ஊர், ஆறு அல்லது கணவாயின் பெயரைச் சூட்டினார். பாபா, முத், குலிங், லிலாங், தாக்லிங், ஸ்பிதி, கியுமல், சிக்கிம் ஆகியவை அவ்வாறு வந்த பெயர்களாகும். (இங்கு சிக்கிம் என்பது ஸ்பிதியில் உள்ள ஒரு சிற்றூர், சிக்கிம் மாநிலம் அன்று.) இவற்றுள் லிலாங் தொகுதியை ஆல்ப்ஸ் மலையின் திரியாசிக் காலப் பாறைகளுடன் ஒப்பிட்டார். அதற்கு மேலே ஜுராசிக் காலப் பாறைகளும், எல்லாவற்றிற்கும் மேலே கிரெட்டேசியஸ் காலச் சுண்ணாம்புக்கல்லும் இருப்பதாக விளக்கினார். இவ்விரு பயணங்களின் அறிக்கைகளும் ஆய்வுத்துறையின் ஐந்தாவது நினைவேட்டுத் தொகுதியில் வெளிவந்தன. முதல் அறிக்கையில், ஸ்பிதியிலிருந்து அதுவரை அறியப்பட்டிருந்த புதைபடிவங்கள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்திருந்தார்.

ஸ்பிதிக் களிப்பாறையும் அதன் உயிரினங்களும்

மேற்கூறிய அடுக்குகளுள் மிகவும் புகழ் பெற்றது ஸ்பிதிக் களிப்பாறையாகும். இது கருமை நிறமுடைய, எளிதில் பொடியும் மென்மையான படிவுப் பாறை. இதனிடையே உருண்டையான கடினமான கற்கள் பதிந்துள்ளன. இவற்றை உடைத்தால், பலவற்றின் நடுவில் ஒரு அம்மோனைட்டைக் காணலாம். இறந்த உயிரினத்தைச் சுற்றிச் சேற்றிலுள்ள கனிமங்கள் திரண்டு இறுகியதால் இக்கற்கள் உருவாயின. மழையும் பனியும் சுற்றியுள்ள களிப்பாறையை அரித்து விட, உருண்டைக் கற்கள் மட்டும் சரிவுகளிலும் ஓடைகளிலும் எஞ்சுகின்றன.

அம்மோனைட்டுகள் கணவாய், நாட்டிலஸ் ஆகியவற்றின் உறவினமான கடல்வாழ் மெல்லுடலிகள். இவற்றின் ஓடு சுருள் வடிவமானது. உள்ளே பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவை கடலில் பரந்து வாழ்ந்தன. மேலும் ஓட்டின் வடிவமும் அதன் மீதுள்ள விலா போன்ற வரிகளும் குறுகிய காலத்திலேயே மாற்றம் அடைந்தன. ஆகவே ஓர் அடுக்கில் உள்ள அம்மோனைட்டு இனத்தைக் கொண்டு அவ்வடுக்கின் காலத்தை நுட்பமாகக் கணிக்க முடியும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில், இவை முற்றிலும் அழிந்தன.

அம்மோனைட்டுகளுடன், துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவமுடைய பெலம்னைட்டுகளும் இக்களிப்பாறையில் மிகுதியாக உள்ளன. இவற்றுள் ஓர் இனத்திற்கு ஓப்பல், முன்னோடிச் சேகரிப்பாளரான ஜெரார்டின் பெயரைச் சூட்டினார். இருவோட்டுச் சிப்பிகளும் கிடைக்கின்றன. தற்போதைய கணிப்பின்படி, ஸ்பிதிக் களிப்பாறையின் பெரும்பகுதி ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 16 கோடி முதல் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. ஸ்டோலிச்காவின் காலத்தில் பாறைகளின் வயதை ஆண்டுக் கணக்கில் அளக்கும் முறை இல்லை. எது முந்தையது, எது பிந்தையது என்ற ஒப்பு வரிசை மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அதற்கும் அவர் நம்பியது இவ்வுயிரினங்களையே.

இதே காலத்துக் கருநிறப் பாறைகள் நேபாளத்திலும் தொடர்கின்றன. அங்கு காளி கண்டகி ஆற்றில் அடித்து வரப்படும் அம்மோனைட்டுக் கற்களே வைணவர்கள் திருமாலின் வடிவமாக வழிபடும் சாளக்கிராமங்கள் ஆகும். அக்கல்லில் சக்கரமாகக் கருதப்படுவது அம்மோனைட்டின் சுருள் ஓடு. ஆழ்வார்களால் பாடப்பெற்ற 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் இவ்வாற்றுப் பகுதியைச் சார்ந்தது. எனவே இமயமலையின் ஜுராசிக் புதைபடிவங்கள், அறிவியல் அவற்றைப் பெயரிட்டு அழைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழகத்தின் பூசை அறைகளை வந்தடைந்திருந்தன.

புதைபடிவங்கள் உணர்த்துவது

கடல்வாழ் உயிரினங்கள் கடல் மட்டத்திற்கு 4,000 மீட்டர் உயரத்தில் இருப்பது முதலில் உணர்த்துவது, அவ்விடம் ஒரு காலத்தில் கடலடித்தளமாக இருந்தது என்பதே. ஸ்டோலிச்காவின் ஆய்வு இதற்கு மேலும் ஒரு படி சென்றது. கடல் ஒரு முறை வந்து சென்றதற்கான தடயம் மட்டும் அங்கு இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்த பல காலத்துக் கடற்படிவுகள் அங்கு உள்ளன என்பதை இவரது அடுக்கு வரிசை காட்டியது. எனவே அங்கு கடல் மிக நீண்ட காலம் இருந்திருக்க வேண்டும். கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளும் மலையுடன் சேர்ந்து மடிந்து உயர்ந்துள்ளதால், இமயமலை அக்காலத்திற்குப் பின்னரே எழுந்திருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்குகிறது.

பாறையின் தன்மையும் சில செய்திகளைத் தருகிறது. நுண்ணிய சேறு படிந்திருப்பது, அலைகளும் வேகமான நீரோட்டமும் எட்டாத அமைதியான கடலடியைக் குறிக்கிறது. கருமை நிறம், உயிர்ப்பொருட்கள் முழுவதும் சிதையாமல் சேற்றில் தங்கியதைக் காட்டுகிறது. ஆக்சிசன் குறைந்த கடலடியில் இவ்வாறு நிகழும்.

ஸ்டோலிச்காவின் ஆசிரியரான எட்வர்டு சூயெஸ், ஆல்ப்ஸ் முதல் இமயமலை வரை பரவியிருந்த இப்பழங்கடலுக்கு 1893 ஆம் ஆண்டு டெதிஸ் எனப் பெயரிட்டார். ஆல்ப்ஸ் பாறைகளுக்கும் இமயமலைப் பாறைகளுக்கும் உள்ள ஒற்றுமையை மாணவர் எடுத்துக்காட்டிய ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், மாணவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியர் அக்கடலுக்குப் பெயர் சூட்டினார்.

பின்னர் வியன்னாவைச் சேர்ந்த விக்டர் ஊலிக், 1903 முதல் 1910 வரை ஸ்பிதிக் களிப்பாறையின் உயிரினங்களைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டார். ஸ்பிதிசெராஸ், ஹிமாலயைட்டிஸ் ஆகிய அம்மோனைட்டுப் பேரினப் பெயர்கள் இவ்வாய்வின் வழியே வந்தவை. ஸ்பிதியின் ஜுராசிக் அம்மோனைட்டுகளுள் பல, குஜராத்தின் கட்ச் பகுதியிலும் மடகாஸ்கர் தீவிலும் கிடைப்பவற்றுடன் நெருங்கிய ஒற்றுமை உடையவை. ஐரோப்பிய இனங்களுடன் அவற்றுக்குள்ள ஒற்றுமை இதைவிடக் குறைவு. கண்ட நகர்வுக் கொள்கை ஏற்கப்பட்ட பின் இதன் பொருள் தெளிவாயிற்று. ஸ்பிதியின் பாறைகள், டெதிஸ் கடலின் தென்கரையில், இந்தியக் கண்டத்தின் வடக்கு விளிம்பில் படிந்தவை. பின்னர் இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியபோது அவ்விளிம்பு மடிந்து மலையாக உயர்ந்தது.

ஸ்டோலிச்காவின் முடிவுகள் அனைத்தும் நிலைத்து நிற்கவில்லை. கியுமல் மணற்கல்லை அவர் ஜுராசிக் காலத்தின் இறுதிப் பகுதியில் வைத்தார். அது கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது எனப் பின்னர் நிறுவப்பட்டது. க்ரீஸ்பாக் (1891), ஹெய்டன் (1904) ஆகியோர் அவரது பகுப்பில் பல திருத்தங்களைச் செய்தனர். இரண்டே கோடைப் பருவங்களில், நல்ல நிலப்படங்கள் இல்லாத நாட்டில் செய்யப்பட்ட ஆய்வு என்பதைக் கருத்தில் கொண்டால், அதன் அடிப்படை வரிசை நிலைத்ததே குறிப்பிடத்தக்கது. முத், குலிங், லிலாங், தாக்லிங், ஸ்பிதி, கியுமல், சிக்கிம் ஆகிய பெயர்கள் இன்றும் நிலவியல் நூல்களில் வழங்கி வருகின்றன.

விலங்கியல் பணிகள்

ஸ்டோலிச்கா நிலவியல் பயணங்களின்போதே பறவைகள், ஊர்வன, நத்தைகள், சிலந்தியினங்கள் ஆகியவற்றையும் சேகரித்தார். சத்லஜ் பள்ளத்தாக்கின் பறவைகள் பற்றிய இவரது கட்டுரை 1868 இல் வெளிவந்தது. அதே ஆண்டு வங்காள ஆசியக் கழகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுச் செயலாளராகப் பொறுப்பேற்று, அதன் ஆய்விதழைத் திறம்பட நடத்தினார். பர்மா, மலாய் தீபகற்பம், அந்தமான், நிக்கோபார் தீவுகள் ஆகியவற்றின் உயிரினங்கள் பற்றியும் எழுதினார். 1871-72 இல் ஜுராசிக் பாறைகளை ஆராயக் கட்ச் பகுதிக்குச் சென்றபோது, வறண்ட புல்வெளியில் வாழும் ஒரு சிறு பறவையைக் கண்டு 1872 இல் விவரித்தார். அது இன்று ஸ்டோலிச்கா புதர்ச்சிட்டு என்றும் அழைக்கப்படுகிறது.

யார்க்கண்ட் பயணமும் மறைவும்

கிழக்குத் துருக்கிஸ்தானை அப்போது ஆண்டு வந்த யாகூப் பேக்கிடம் இந்தியப் பிரித்தானிய அரசு, டக்ளஸ் ஃபார்சித் தலைமையில் 1873 இல் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. தென்னிந்தியப் புதைபடிவ நூலின் இறுதிப் பகுதியை அவ்வாண்டுதான் முடித்திருந்த ஸ்டோலிச்கா, இயற்கை அறிவியலாளராக இக்குழுவில் இடம்பெற்றார். குழு இராவல்பிண்டியிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீநகர், லே வழியாகக் காரகோரம் மலைகளைக் கடந்து யார்க்கண்ட் நகரையும், பின்னர் காஷ்கர் நகரையும் அடைந்தது.

செல்லும் வழியிலேயே, காரகோரம் உயர்நிலத்தில் ஸ்டோலிச்கா கடுமையாக நோயுற்றார். ஓரளவு குணமடைந்தபின் தம் பணியைத் தொடர்ந்தார். காஷ்கரிலிருந்து சத்தீர் குல் ஏரிப் பகுதிக்குச் சென்று பாறைகளை ஆராய்ந்தார். 1874 இன் தொடக்க மாதங்களில் கோர்டன், பிடல்ஃப், டிராட்டர் ஆகியோருடன் பாமிர் மேட்டுநிலத்தைக் கடந்து வாக்கான் வரை சென்றார். காரகாஷ் பள்ளத்தாக்கில் பச்சை மாணிக்கக்கல் எனப்படும் ஜேடு கிடைப்பது பற்றி இவர் அனுப்பிய குறிப்பு, ஆய்வுத்துறையின் இதழில் அவ்வாண்டு வெளிவந்தது.

திரும்பும் பயணத்தில், 1874 ஜூன் நடுப்பகுதியில், 5,500 மீட்டருக்கு மேல் உயரமுள்ள காரகோரம் கணவாயை இவர் மீண்டும் கடந்தார். கடுமையான தலைவலி ஏற்பட்டது. நோய் முற்றி, ஜூன் 19 அன்று லடாக்கின் முர்கோ என்னும் இடத்தில் உயிர் நீத்தார். தம் 36 ஆவது பிறந்த நாள் கடந்து 12 நாட்களே ஆகியிருந்தன. உயர்மலைகளில் ஆக்சிசன் குறைவால் மூளையில் நீர் கோத்து ஏற்படும் நோயே மரணத்திற்குக் காரணமாக இருக்கலாம் எனப் பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர். அக்காலத்தில் இந்நோய் தனியாக இனம் காணப்பட்டிருக்கவில்லை. உடனடியாகத் தாழ்வான இடத்திற்கு இறங்குவதே இதற்கு முதன்மையான சிகிச்சை என்பது இன்று அறியப்பட்டுள்ளது. இவரது உடல் லே நகருக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

நினைவு

லே நகரில் இவரது கல்லறையில் அரசு ஒரு நினைவுத் தூணை எழுப்பியது. இவர் விட்டுச் சென்ற நாட்குறிப்புகளையும் சேகரிப்புகளையும் கொண்டு பல அறிஞர்கள் எழுதிய யார்க்கண்ட் பயணத்தின் அறிவியல் முடிவுகள், 1878 முதல் 1891 வரை பகுதி பகுதியாக வெளியிடப்பட்டன.

ஸ்டோலிச்காவின் பெயர் பல உயிரினங்களுக்குச் சூட்டப்பட்டுள்ளது. கிரெட்டேசியஸ் கால அம்மோனைட்டுகளுள் ஒரு பேரினம் ஸ்டோலிச்கயா என வழங்கப்படுகிறது. ஒரு வௌவால் இனமும், உயர்மலையில் வாழும் ஒரு வயல் எலி இனமும் இவர் பெயரைத் தாங்குகின்றன. வடதுருவக் கடலில் உள்ள பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தின் ஒரு தீவுக்கும் இவர் பெயர் இடப்பட்டுள்ளது.

இன்று ஸ்பிதியின் லாங்சா போன்ற சிற்றூர்களுக்குச் செல்லும் பயணிகள் அம்மோனைட்டுகளைக் காண்கின்றனர். அடுக்கிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, இடக் குறிப்பு இன்றிப் பேழையில் வைக்கப்படும் ஒரு புதைபடிவம், ஸ்டோலிச்காவுக்கு முந்தைய சேகரிப்புகளின் நிலையையே மீண்டும் அடைகிறது. அழகு குறைவதில்லை, ஆனால் அது எந்தக் கடலில், எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்பதைக் கூறும் ஆற்றலை இழந்து விடுகிறது. கல்லை அது கிடந்த அடுக்கிலேயே வைத்துப் படிப்பது என்ற இவரது முறையே, இமயமலையின் கடல் வரலாற்றை அறிய வழிவகுத்தது.